சாப்ட்டுக்குள் போன மழை

மழையில் நனைந்து பயந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நனையாமல் பயந்து ஊரைக் கூட்டியவன் நான் ஒருவன்தான்.

வட ஆற்காட்டிலிருந்து நாங்கள் தங்க வயலுக்குக் குடிவந்த புதிது. சித்திரை வெயில். ஒரு மத்தியானம் வானம் கறுத்து, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் ஆழக் குழியான சாப்ட்டுக்கு நேர் மேலே மழை நூல் நூலாக இறங்குவது தெரிந்தது. அம்மா காயப்போட்டிருந்த மிளகாயை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் கையை விரித்துக்கொண்டு வெளியே நின்றேன். ஒரு சொட்டு விழவில்லை. அண்ணாந்தால் மழை, குனிந்தால் புழுதி. நடுவில் தண்ணீர் எங்கே போயிற்று? தரையைத் தொடுமுன் அனலில் ஆவியாகிவிடும் மழை உண்டென்று எனக்கு அப்போது தெரியாது.

ராத்திரி ஷிப்டு முடித்துக் கயிற்றுக் கட்டிலில் கிடந்த சித்தப்பாவைக் கேட்டேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"இதுகூடவா தெரில? அம்மாம் பெரிய பள்ளம் தோண்டி வெச்சிக்கிறாங்க. மொத்தமும் சாப்ட்டுக்குள்ள பூந்துட்டிருக்கும்."

சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டார். காலையில் சுரங்கக் கூண்டில் ஏறிக் கீழே இறங்கிய அப்பா அந்தப் பள்ளத்துக்குள்தான் இருந்தார்.

ஒரு கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். இன்னொன்றை அப்பாவுக்காக அக்குளில் இடுக்கிக்கொண்டேன். முழுகுகிறவருக்குக் கோணி எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. சாப்ட்டு வேலியோரம் நின்று நான் போட்ட கூச்சலில், அடுத்த ஷிப்டுக்குக் காத்திருந்தவர்கள் கூடிவிட்டார்கள்.

"இன்னாடா ஆச்சி?"

"நைனா முழுகிட்டாரு. மழை உள்ள பூந்துடுச்சி."

அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், காய்ந்த தரையைப் பார்த்தார்கள், கடைசியாக என் தலைக் கோணியைப் பார்த்தார்கள்.

"நீயாவது நனையாம வந்து சேந்தியே, அது போதும்" என்றார் ஒருவர். ஒரே சிரிப்பு.

அந்த நேரம் கூண்டு பாதாளத்து அனலோடு மேலே வந்தது. அப்பா இறங்கினார், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தொப்பலாக. முண்டாசை அவிழ்த்துப் பிழிந்தார். தண்ணீர் தாரையாகக் கொட்டியது. சிரித்தவர்களை நான் ஒரு பார்வை பார்த்தேன்.

"கீழ மழையா நைனா?"

அப்பா கோணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமாம்பா. தெனமும்தான் பெய்யுது" என்று என்னைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் அம்மாவும் சித்தப்பாவும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். செய்தி எனக்கு முன்பே வந்துவிட்டது. நான் விடவில்லை. வழியெல்லாம் அப்பாவின் கழுத்திலிருந்து உதட்டில் பட்டதை நக்கிப் பார்த்தவன் அல்லவா.

"நெஜமாம்மா. கீழ பெய்யிற மழை உப்பு கரிக்குது."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதுவரை சிரித்த அம்மா எதற்காகச் சட்டென்று முறத்தை எடுத்துக்கொண்டு, வெயில் இறங்கிய நேரத்தில் மிளகாயை மறுபடி காயப்போடப் போனாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.