107-இன் திரையில் ஓர் அம்பு

மேசைத் தொலைபேசியின் சின்னத் திரையில், இடது மூலையில், வளைந்த ஓர் அம்புக்குறி தெரியும். அரிசி மணி அளவுதான். அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகள் வேறு எங்கோ திருப்பி விடப்படுகின்றன என்று அதற்கு அர்த்தம். கிள்ளான் ஆபீசில், அக்காவின் மேசையில் இருந்த 107-ஆம் எண் போனில், அது மூன்று நாள் தெரிந்தது. போட்டுவிட்டவன் நான்.

துறைமுகச் சரக்குகளுக்குத் தாள் வேலை பார்க்கும் கம்பெனி அது. படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் டெஸ்பாட்ச் வேலைக்குத்தான் சேர்ந்தேன். புது போன் சிஸ்டம் வந்த அன்று, விற்றவர்கள் அரை நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்ப, பக்கத்தில் நின்ற பாவத்துக்கு முதலாளி பாஸ்வேர்டை என்னிடம் தந்துவிட்டார். யார் வெளிநாட்டுக்குப் பேசலாம், யார் அழைப்பைத் திருப்பி விடலாம், எல்லாம் ஒவ்வொரு பெயருக்கு நேரே சின்னக் கட்டங்கள். டிக் வைத்தால் உண்டு, எடுத்தால் இல்லை. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் அதிகாரம். கை சும்மா இருக்குமா? முதலாளி கூப்பிட்டால் திரையில் ‘புலி’ என்று வரும்படி மாற்றினேன். ஒரு வாரம் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அழைப்பைத் திருப்பி விடும், திருப்பியதை நீக்கும் உரிமையை மட்டும் எல்லோரிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்குத் தங்கள் போனை அக்காவின் 107-க்குத் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று காரணம் சொன்னேன். அது பாதி உண்மை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை; அங்கே இருபது வருடமாக வேலை பார்த்தவர், ஆபீசில் எல்லோருக்கும் அக்கா. நான் அதிகமாகக் கலாய்த்தது அவரைத்தான். அவர் மவுஸைப் பிடிக்கும் விதத்தையும், மெயில் போனதா என்று திரையைத் தட்டிப் பார்ப்பதையும் நடித்துக் காட்டி ஆபீசையே சிரிக்க வைப்பேன். “ஆடு லா, நல்லா ஆடு. உன்னைப் பெத்தவங்க டிக்கெட் போட்டு வசூல் பண்ணலாம்” என்று அவரும் சிரிப்பார். அவருடைய வளர்ப்பு மகனுக்குப் பதினேழு வயது. பிறப்புச் சான்றிதழில் குடியுரிமை இல்லாதவன் என்று இருந்தது. குடிமக்களுக்குத் தரும் நீல அடையாள அட்டை இல்லாமல் எந்தக் காலேஜிலும் இடமில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு அக்கா வருடக்கணக்காகக் காத்திருந்தார். கைப்பேசி எண் அடிக்கடி மாறுகிறது என்று, என்றும் மாறாத ஆபீஸ் எண்ணையே பாரத்தில் எழுதியிருந்தார். இது எனக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய் சாயங்காலம் 107-ஐப் பின்பக்க ஸ்டோர் ரூம் போனுக்குத் திருப்பிவிட்டேன். மறுநாள் அவர் மேசைக்கும் ஸ்டோருக்கும் ஓடுவதை வீடியோ எடுப்பதாகத் திட்டம். ஆனால் விடிந்ததும் முதலாளி என்னைத் துறைமுகத்துக்கு விரட்டினார். அங்கே ஒரு கண்டெய்னர் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் போனது. நான் சுத்தமாக மறந்துவிட்டேன். கஸ்டமர்கள் வாட்ஸாப்பிலேயே பேசுவதால் ஆபீசிலும் யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வந்தேன். “என் போனு சாமியாரா போயிடுச்சிடா, மூனு நாளா மௌன விரதம்” என்றார் அக்கா. அப்போதுதான் அந்த அம்பு எனக்கு நினைவுக்கு வந்தது. அழைப்புப் பட்டியலைத் திறந்தேன். அரசாங்க ஆபீஸ்கள் இருக்கும் புத்ராஜெயாவின் எண் ஒன்று, மூன்று முறை. மூன்றும், நான் திறந்து வைக்காததால் பூட்டியே கிடந்த ஸ்டோரில் யார் காதிலும் விழாமல் அடித்து ஓய்ந்திருந்தன. “லைன் கோளாறு போலக்கா” என்று சொல்லி அந்த எண்ணைக் காட்டினேன். அவர் கூப்பிட்டுப் பேசும்போதே முகம் வெளுத்தது. தத்தெடுத்த ஆணையின் அசல் தாளை இன்று மதியத்துக்குள் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் அது இல்லாமலே கோப்பு மேலே போய்விடும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகப் பன்னிரண்டே காலுக்கே கவுண்டர் மூடிவிடும்.

தாள் அவருடைய கைப்பையிலேயே இருந்தது. வீட்டில் வெள்ளம் புகுந்த நாளிலிருந்து அதை அவர் பிரிவதில்லை. என் மோட்டார் சைக்கிளில் அவரை ஏற்றிக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பை, என் முதுகில் அழுத்திக்கொண்டே வந்தது. டெங்கில் ஊரைத் தாண்டும்வரை ஒவ்வொரு சிவப்பு விளக்கும் எனக்காகவே எரிந்ததுபோல் இருந்தது. “மெதுவா போடா, தாளு போய்ச் சேர்ந்தா போதாது, நானும் சேரணும்” என்றார். வழக்கமாக இதற்குப் பத்துப் பதில் வைத்திருப்பேன். அன்று வேகத்தைக் குறைத்தேன்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது புத்ராஜெயா ஆபீசுக்குள் போனோம். அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அவசரத்துக்கு இன்னொரு தொடர்பு எண் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பி, “உன் நம்பர் சொல்லுடா” என்றார். சொன்னேன். அக்காவே பாரத்தில் ஒவ்வொரு இலக்கமாக, அழுத்தி எழுதினார்.

வெளியே ஒரு கடையில் பால் கலக்காத ஐஸ் டீ, தே ஓ ஐஸ், வாங்கி உட்கார்ந்தோம். என் கிளாஸைத் தள்ளி வைத்தேன். “அக்கா, அது லைன் கோளாறு இல்ல” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும். புதன்கிழமை காலையிலயே அந்த அம்பைப் பார்த்தேன்.”

“அப்புறம் ஏன்கா கேக்கல?”

அவர் ஸ்ட்ராவால் ஐஸைக் கிளறிக்கொண்டிருந்தார். “என்னடா இதுன்னு கேட்டா, அதையும் நடிச்சுக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்ப. புது சிஸ்டத்துல இப்படித்தான் போலன்னு வாயை மூடிக்கிட்டேன்.”

எனக்குத் தலை நிமிரவில்லை. “தெரிஞ்சே ஏன்கா என் நம்பரை எழுதினீங்க?”

“இனி நீயும் என்கூட உக்காந்து காத்திரு லா.”

இப்போது நான் பிரிக்பீல்ட்ஸில், ஆபீஸ்களுக்குப் போன் மாட்டும் வேலையில் இருக்கிறேன். திருப்பி விடும் கட்டத்தில் எல்லோருக்கும் டிக் வைக்கிறேன். அவரவர் அம்பை அவரவரே அழிக்கட்டும். அக்கா மகனின் விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. காலையில் கண் விழித்ததும் என் கைப்பேசியின் மேல் மூலையில் அந்த அம்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்காது, தெரியும். இருந்தும் பார்க்கிறேன். தெரியாத எண் அடித்தால் பாதி வேலையில் ஏணியிலிருந்து இறங்கி எடுக்கிறேன். பெரும்பாலும் கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள். முன்பெல்லாம் அவர்களை அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டிருப்பேன். இப்போது வேண்டாம் என்று சொல்லி உடனே வைத்துவிடுகிறேன். லைன் காலியாக இருக்க வேண்டும்.