நாங்க அப்படிப் பேச மாட்டோம் சார்

என் மேஜையில் ஒரு மைக் இருக்கிறது. வளைந்து கொடுக்கும் கழுத்து, அடியில் ஒரு ஸ்விட்ச். அழுத்தினால் தலையைச் சுற்றிச் சிவப்பாக எரியும். வெளியே எடை மேடைக் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் என் குரல் யார்டு முழுக்கக் கேட்கும். "வண்டிய மெதுவா ஏத்துங்க, டிரைவர் இறங்கி வாங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பாட்டுத்தான். பேசி முடித்ததும் ஸ்விட்சை அணைப்பேன். அணைந்ததா என்று பார்ப்பேன். ஐந்து நிமிடம் கழித்து, பேசவே இல்லாதபோதும், இன்னொரு தடவை பார்ப்பேன். பக்கத்து நாற்காலிக்குப் புதிதாக வந்திருக்கிற பெண், "ஏக்கா, அது என்ன கேஸ் அடுப்பா, இப்படிப் பாக்கிய?" என்று சிரிக்கிறாள். நானும் சிரித்து வைக்கிறேன். அவளுக்கு என்ன தெரியும், அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து ஒருத்தியை எழுப்பி அனுப்பியது இந்த ஸ்விட்சும் என் நாக்கும்தான் என்று.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கன்டெய்னர் யார்டு. லாரி எடை மேடையில் ஏறி நின்றதும் ஓட்டுநர் இறங்கிவிட வேண்டும். அவர் உடம்புக் கனமும் சேர்ந்துவிடக் கூடாதல்லவா. இறங்கி எங்கள் ஜன்னலுக்கு வந்து, கையெழுத்துப் போட்டு, எடைச்சீட்டை வாங்கிக்கொண்டு போவார். அவ்வளவும் இரண்டே நிமிடம். வண்டியை அழைத்து எண்ணைப் பதிவது என் வேலை. எடையைப் பார்த்துச் சீட்டு அடித்து நீட்டுவது, அப்போது பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவின் வேலை. அவர் பனங்காட்டு ஊர்க்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கணவர் தவறிவிட்டார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகளும் அவர் ஒருவரின் வேலையை நம்பித்தான் இருந்தார்கள். இதை நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கும் இது எனக்கு நன்றாகத் தெரியும்.

பிரிண்டர் சீட்டை இழுத்து முடிக்கிற அந்தச் சின்ன நேரத்தில் அக்கா ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பார். "என்னண்ணே, மொகம் வாடிக் கெடக்கு?" என்பார். மனுஷன் எதையாவது சொல்லிவிட்டால் போதும். "நான் இயேசப்பாகிட்ட சொல்லுதேன். உங்களுக்குச் சம்மதம்னா இப்பமே ஜெபிக்கட்டுமா?" என்று நேராகக் கேட்டுவிடுவார். சிலர் தலையாட்டுவார்கள். சிலர், "ஒம்ம வேலையப் பாரும்மா" என்று முறைப்பார்கள். "சரிண்ணே, பாத்துப் போங்க" என்பார் அக்கா, மாறாத அதே முகத்தோடு. சும்மா சொல்லக் கூடாது, அவரால் ஒரு வண்டிகூட அரை நிமிடம் தாமதமானதில்லை.

எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசும். நான் புன்னைக்காயல்காரி. எங்கள் குடும்பம் எத்தனை தலைமுறையாகக் கத்தோலிக்க வேதத்தில் இருக்கிறது என்று எங்களுக்கே கணக்குத் தெரியாது. ஞாயிறு பூசை தவறாது, மாதா திருவிழாவுக்குப் புதுச்சேலை தவறாது. ஆனால் பேருந்து கோயிலைத் தாண்டும்போது, நெற்றியில் வியர்வை துடைப்பதுபோலத்தான் சிலுவை போடுவேன். எங்களுக்குச் செபம் என்றால் கோயிலுக்குள், முழங்காலில் நின்று, மனப்பாடமாகச் சொல்வது. வண்டிப் புகைக்கு நடுவே, ஜன்னல் கம்பி வழியே, திருநீறு பூசிய மனுஷனிடம் போய் இதென்ன கூத்து? அக்கா வாயைத் திறந்தால் நான் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொள்வேன். ஒரு நாள் பொறுக்காமல், "எதுக்குக்கா இந்த வேண்டாத வேலை? நாலு பேரு நாலு விதமாப் பேச மாட்டாங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

"ஏளா, ஒனக்கு ஒரு காய்ச்சல் வருது, ஒரு டாக்டர் குணமாக்குதாரு. பக்கத்து வீட்டுக்காரி காய்ச்சல்ல கெடந்தா அந்தப் பேரச் சொல்லுவியா, வாய மூடிட்டு இருப்பியா? போறதும் போகாததும் அவ இஷ்டம். சொல்லாம இருந்தா நான் என்ன மனுஷி?" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த நாள் முற்பகல். ஆத்தூர்ப் பக்கத்து வயல்காட்டு ஊர்க்காரர் ஒருவர், எங்களுக்கு வாடிக்கையாக ஓடுகிற ஓட்டுநர், சீட்டு வாங்க வந்தார். கையெழுத்தைத் தப்பான கட்டத்தில் போட்டு அடித்தார். அவர் மனைவிக்கு மார்பில் கட்டி, மறுநாள் ஆபரேஷன். அக்கா வழக்கம்போலக் கேட்டார். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பண்ணுங்கம்மா" என்றார். அக்கா கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். இரண்டு வாக்கியம் போயிருக்காது, அதே குரல் வெளியிலிருந்தும் வருவது எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மைக் எரிந்துகொண்டிருந்தது. அந்த வண்டியை அழைத்தவள் நான்தான். அணைக்க மறந்தவளும் நான்தான். நான் பாய்ந்து அணைப்பதற்குள் அந்த அம்மாவின் நோயும், இயேசுவின் பெயரும், அந்த மனுஷன் விம்மிய விம்மலும் யார்டு முழுக்கப் போய்விட்டன. வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஹாரன்கூட அடிக்கவில்லை. ஆனால் யார்டுக்கு வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் நேரே மேனேஜர் அறைக்குப் போய், "கம்பெனி மைக்ல மதப் பிரச்சாரம் நடக்குது" என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார் மேனேஜர். வெளியூர்க்காரர், கெட்டவர் இல்லை, ஆனால் வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ளப் பயந்தார். "மைக்கைப் போட்டது யாரு?" என்பதுதான் முதல் கேள்வி. நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் போடல சார். ஆனா பேசுனது நான்தான். மைக் இல்லாமலும் தெனம் பேசுதேன்" என்றார். அவரே கொடுத்த இடைவெளி அது. ஒரு வார்த்தை, 'மறந்துட்டேன் சார்' என்று நான் சொல்லியிருக்கலாம். மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீயும் கிறிஸ்டியன்தானே? நீ இப்படியா பண்றே?"

"நாங்க ஆர்.சி. சார். நாங்க அப்படிப் பேச மாட்டோம் சார்" என்றேன்.

இப்போதும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. எவ்வளவு பணிவான குரல், எவ்வளவு பெருமையும்கூட! இயேசுவைத் தெரியாது என்று ராயப்பர், அதாவது பேதுரு, மறுதலித்த பிறகு சேவலாவது கூவியது. எங்கள் யார்டில் சேவல் ஏது? வெளியே ஏதோ ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

இனி யாரிடமும் இப்படிப் பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாக மேனேஜர் சொன்னார். காகிதத்தை நகர்த்தியும் வைத்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிள்ளைகளை நினைத்திருப்பார், கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. "அந்த அண்ணனோட வீட்டு விஷயம் நாலு பேருக்குத் தெரிஞ்சிட்டு, அதுக்கு அவருகிட்ட மன்னிப்புக் கேக்கேன் சார். சொல்ல மாட்டேன்னு மட்டும் எழுத முடியாது" என்றார். ஒரு வாரத்தில் அந்த நாற்காலி காலியானது. போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன்பிறகு பூசையில் உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன், மன்னிப்பும் கிடைத்தது, ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. ஓராண்டு கழித்துப் பழைய பேருந்து நிலையத்தில் அக்காவைக் கண்டேன். இளைத்திருந்தார். ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அன்னைக்கு மைக்க அணைக்காம விட்டது நான்தான்" என்று அழுதேவிட்டேன்.

"தெரியும்ளா. நீதான அங்கன இருந்த, வேற யாரு?" என்று சிரித்தார். "அத அன்னைக்கே விட்டுட்டேன். மறதி யாருக்குத்தான் இல்ல? நீ இன்னொண்ணு சொன்ன பாரு, 'நாங்க பேச மாட்டோம்'னு, அதுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஏளா, இத்தன தலைமுறையா வேதத்த வச்சிருக்கியளே, யாருக்கு வச்சிருக்கிய?" கோபமே இல்லாமல் கேட்டார். அவர் பேருந்து வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்.

அக்கா செய்தது முழுக்கச் சரிதானா, வேலையிடத்தில் இது தகுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எதிர்வாதம் நிறைய வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு தூங்க முடியவில்லை.

போன வாரம் அந்த ஆத்தூர்ப் பக்கத்து ஓட்டுநர் வந்தார். இவ்வளவு காலம் வேறு தடத்தில் ஓடினாராம். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். "அந்த அக்கா எங்க தங்கச்சி?"

"வேலைய விட்டுப் போயிட்டாங்கண்ணே." ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "வீட்ல எப்படி இருக்காங்க?" என்றேன்.

"நல்லாத்தான் இருந்தா. இப்பம் திரும்பவும் ஏதோ தட்டுப்படுதுன்னு நாளைக்கி வரச் சொல்லியிருக்காங்க." சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அவங்க இருந்தா ரெண்டு வார்த்த சொல்லியிருப்பாங்க."

புதுப்பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. "நான் சொல்லட்டுமாண்ணே?" என்று கேட்டது என் வாய்தான். அவர் தலையாட்டினார். மனைவியின் பெயரைக் கேட்டேன், சொன்னார். என் கை தானாக மைக்குக்குப் போனது. எரியவில்லை. இன்னொரு தடவையும் பார்த்தேன். எரியவில்லை. கண்ணை மூடி, "சேசுவே" என்று தொடங்கினேன். அதற்கு மேல் மனப்பாடம் எதுவும் உதவிக்கு வரவில்லை, நானாகத் தேடித் தேடித்தான் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது ஜன்னல் கம்பியில் அவர் காது வந்து படிந்திருந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன்" என்றார். "பின்னாடி வண்டிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."