ஆறு மாதம் என்றார் அப்பா

புயல் எங்கள் வேதாரண்யம் வீட்டின் கூரையைப் பிய்த்துப்போட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. "ஆறு மாசம்தான். வீட்டைச் சரிபண்ணிட்டுத் திரும்பிடலாம்" என்று சொல்லி அப்பா எங்களைத் திருவண்ணாமலைக்கு அழைத்து வந்தார். அதை நம்பி, புதுப் பள்ளியில் நான் யாருடனும் ஒட்டவில்லை.

ஒரு வருடம் போனது. ஒரு பௌர்ணமியன்று, கிரிவலம் போகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டே, ஊருக்குப் போகும் ஆசையை வீட்டுக்கார அக்காவிடம் சொன்னேன்.

"அந்த வீட்ட வித்துட்டுத்தான் வந்தோம்னு உங்கப்பா சொன்னாரே, உனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

உள்ளே ஓடி அம்மாவிடம் கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ பஸ் ஏறியிருப்பியா?" என்றாள், கீரை ஆய்வதை நிறுத்தாமல்.

அப்பாவை எப்படியோ மன்னித்துவிட்டேன். எப்போது போகிறோம் என்று கேட்டபோதெல்லாம் "அடுத்த மாசம்" என்று சொல்லிவந்த அம்மாவை இன்னும் மன்னிக்க முடியவில்லை.