மொழிபெயர்க்க வந்த டொக்டர்

மட்டக்களப்பிலிருந்து வந்த மேரிகிறேஸ் படித்துப் பட்டம் பெற்ற டொக்டர்தான். ஆனால் டென்மார்க்கின் யூலன்ட் பகுதியில் அவர் வேலை செய்த ஆஸ்பத்திரிக்குத் தமிழ் நோயாளி ஒருவர் வந்துவிட்டால் போதும், அந்தப் படிப்பெல்லாம் காற்றில் போய்விடும். "கொஞ்சம் மொழிபெயர்க்க வாருங்கள்" என்பார்கள். ஆறு மாதத்துக்கொரு தடவை புதுப்பிக்கிற தற்காலிக வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு போவார்.

1988 இலையுதிர்காலத்தில் சிறீஸ்கந்தராசாவுக்காகக் கூப்பிட்டார்கள். இக்காஸ்ட் என்ற ஊரில் துணி ஆலைத் தொழிலாளி. மனைவி யோகமலர் யாழ்ப்பாணத்தில். அவரைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பம், மற்றத் தமிழருடையதைப் போலவே, நீதி அமைச்சில் அசையாமல் கிடந்தது.

முதுகு நோகிறது, பின்னேரமானால் காய்ச்சல், உடம்பு மெலிகிறது என்றார். சொன்னது சரி, வந்த கோலம்தான் பிழை. எங்கள் ஆட்களுக்கு டொக்டரிடம் போவதும் கோயிலுக்குப் போவதும் ஒன்று. முழுகி, அயன் பண்ணின சட்டை போட்டு, தலைவாரி, சிரித்த முகத்தோடு கதிரை நுனியில் இருந்தார். "தாங்க முடியாத வலியா?" என்று தலைமை டொக்டர் கேட்க, பெரிய மனிதரைச் சிரமப்படுத்தக் கூடாதென்று, "கொஞ்சம்தான் ஐயா" என்றார்.

'சிரிக்கிறார். வலி தெரியவில்லை. மனைவி ஏக்கம்' என்று எழுதினார் தலைமை டொக்டர். முந்தின கிழமை அழுத தமிழருக்கு 'மிகைப்படுத்துகிறார்' என்று எழுதியவரும் இவரேதான். அழுதாலும் குற்றம், சிரித்தாலும் குற்றமென்றால் மனிதன் எந்த முகத்தைக் கொண்டு வருவது?

"மரியாதைக்காகக் குறைத்துச் சொல்கிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம்" என்றார் மேரிகிறேஸ், டேனிஷில்.

"இன்று நீங்கள் மொழிபெயர்க்க மட்டும்தான் வந்திருக்கிறீர்கள்."

வாயை மூடிக்கொண்டார். வேலையைப் புதுப்பிக்கிற கடிதத்தில் கையெழுத்து வைப்பவர் அந்த மனிதர்.

மூன்று மாதத்தில் சிறீஸ்கந்தராசாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதுகெலும்பில் காசநோய். மருந்து நோயை நிறுத்தியது, கால்களுக்கு உயிர் திரும்பவில்லை.

அதன்பிறகு மேரிகிறேஸுக்கு வெறி பிடித்தது. முப்பத்தொரு தமிழரிடம் சம்மதம் வாங்கி அவர்களுடைய மருத்துவக் கோப்புகளைக் கிண்டினார். பத்தொன்பதில் 'ஏக்கம்' என்றிருந்தது, ஒரு சோதனையும் செய்யப்படவில்லை. அதைக் கட்டுரையாக எழுதினார். எழுதியவரும் தமிழர், நடுநிலை இருக்காது என்று இரண்டு மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. டேனிஷ்காரர் டேனிஷ்காரரைப் பற்றி எழுதினால் மட்டும் அது விஞ்ஞானமாக்கும்! மூன்றாவது இதழ் அச்சிட்டது. அதற்குள் வேலை போய், எஸ்பியர்க் நகர ஆஸ்பத்திரியில் வேறு வேலை தேடிக்கொண்டார். அங்கே, உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் ஒருவரும் 'ஏக்கம்' என்று எழுதக்கூடாதென்று சண்டை பிடித்து ஒரு விதியும் கொண்டுவந்தார்.

தமிழருடைய விண்ணப்பங்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்ட அமைச்சின் திருகுதாளம் வெளியே வந்து, ஒருவழியாக அனுமதி கிடைத்து, யோகமலரும் வந்து சேர்ந்தார். அச்சான கட்டுரையோடு மேரிகிறேஸ் இக்காஸ்டுக்குப் போனார். சிறீஸ்கந்தராசா சக்கர நாற்காலியில் இருந்தார். யோகமலர் தேத்தண்ணி வைத்துவிட்டுக் கேட்டார்:

"முதல் நாள் அந்த அறைக்குள்ள தமிழ் தெரிஞ்ச பொம்பிளை ஒராள் நிண்டவவாம். அவ ஒண்டும் சொல்லேல்லையோ டொக்டர்?"

சிறீஸ்கந்தராசா தலையைக் குனிந்தார். பாவம், மனைவியிடம் அவர் மேரிகிறேஸைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"அது நான்தான் அக்கா. ஒருக்காச் சொன்னன். பிறகு வேலை போயிடுமெண்டு பேசாம இருந்திட்டன்."

யோகமலர் திரும்பக் கேட்டார்:

"அந்த வேலை இருக்கோ?"

"இல்லை அக்கா. அதுவும் போயிட்டு."