சந்தனம் பட்ட இரும்பு

கத்தாரிலிருந்து லீவில் வரும் ஆண்கள் பெண்சாதிக்கு நகை வாங்குவார்கள், வீட்டுக்கு மாபிள் பதிப்பார்கள். என் கணவர் ஏறாவூரில் மூடிக் கிடந்த நெல் ஆலை ஒன்றிலிருந்து இரும்பு கடையும் துருப்பிடித்த லேத் மெசினை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதை இறக்கியதில் என் செவ்வரத்தை மரம் முறிந்தது. அன்று பகல் முழுக்க அவரோடு நான் முகங்கொடுத்துப் பேசவில்லை.

பின்னேரம் அவரே வந்து சொன்னார்: “இது நேரா வெட்டினா நான் திரும்பிப் போகமாட்டன். இஞ்சயே பட்டறை போட்டுருவன்.”

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கலியாணமான நாள்முதல் நாங்கள் சேர்ந்திருந்தது லீவுகளில் மட்டும்தான். போனில் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்கு நரை விழத் தொடங்கியிருந்தது. ஆனாலும் போகவேண்டாம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் சொல்லைக் கேட்டு நின்றுவிட்டு, தொழில் இல்லாமல் அவர் வாடினால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் அந்தப் பழைய இரும்பைத்தான் நம்பினேன்.

வாவியில் ஓடும் தோணி எஞ்சின்களுக்கும் வட்டை வயலுக்கு நீர் இறைக்கும் பம்புகளுக்கும் தண்டு கடைந்து கொடுப்பது அவருடைய திட்டம். தண்டு ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்தால் எஞ்சின் அதிரும், கொண்டுவந்த ஆள் அடுத்த முறை வரமாட்டார். இந்த லேத் அப்படித்தான் வெட்டியது. வெட்டும் அலகைத் தாங்கி நகர்த்தும் நீண்ட இரும்பு மேடை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பள்ளமாகிக் கிடந்தது. ஆலைக்காரர்கள் காலமெல்லாம் அந்தப் பக்கத்திலேயே சின்னச் சாமான்களைக் கடைந்திருக்கிறார்கள்.

மற்ற இடங்களைச் சுரண்டிச் சுரண்டிப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவரவேண்டும். நகரத்தில் இரும்புவேலை செய்யும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கிச் சிநேகிதர் ஒருவர் நேர்பார்க்கும் சட்டத்தை இரவல் தந்தார். நான் உடுப்புக்குப் போடும் நீலத்தை என் கணவர் எண்ணெயில் குழைத்து, அந்தச் சட்டத்தில் பூசி, மேடையில் வைத்துத் தேய்ப்பார். நீலம் ஒட்டிய இடம் மேடு. அதைச் சுரண்டிவிட்டுத் திரும்பவும் பூசுவார். தேநீர்க் கோப்பை, கதவுப்பிடி, தலையணை உறை எல்லாம் நீலம். ஏசிக்கொண்டேதான் துடைத்தேன். உள்ளுக்குள் எனக்கு அந்தக் கறைகளைப் பிடித்திருந்தது.

ஆயுத பூசை வந்தபோது மேடை மின்னியது. வெளிநாட்டுக் கம்பனியில் இத்தனை வருடம் பூசையே காணாத மனிதர் பக்தி தலைக்கேறி, சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து, மேடை நீளத்துக்கும் பொட்டுப் பொட்டாக வைத்தார். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமிக் காலைவரை தொடக்கூடாது. வாவிக் காற்று உப்போடு வீசிக்கொண்டிருந்தது. காலையில் துடைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பொட்டின் அடியிலும் துரு அரித்திருந்தது.

செய்தி கேட்டு வந்த பறங்கிச் சிநேகிதர் குனிந்து பார்த்துச் சிரித்தார். “நாங்க எண்டா எண்ணெயத்தான் பூசுவம். இரும்புக்கு ஆராவது சந்தனம் பூசுவாங்களா?”

என் கணவர் சிரிக்கவில்லை. சிநேகிதர் போனதும் பயணப்பெட்டியை எடுத்துத் தூசு தட்டி வெயிலில் வைத்தார். நான் போய்ச் சுரண்டியை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

“சந்தனம் வச்ச கையாலயே சுரண்டுங்க. நீலம் நான் குழைச்சுத் தாறன்.”

மாரி இருட்டிக்கொண்டு வந்த ஒரு பகலில் வேலை முடிந்தது. அவருடைய விமானத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. தண்டொன்றைப் பூட்டிக் கடைந்து, இரண்டு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்தார். மறுபடியும் அளந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நல்லாத்தான் வந்திருக்கு. எண்டாலும் நூலளவு வித்தியாசம் கிடக்கு,” என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது.

“இந்த ஈரத்துல சுரண்டினா திரும்பவும் துருதான் பிடிக்கும்,” என்று மெசினை மூடியபடியே சொன்னார். “மாரி முடியட்டும் புள்ள. தை பிறந்தா ரெண்டு பேருமாச் சுரண்டுவம்.”

“தை மாசத்திலயா?” என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன்.

“ஓம். ஏன், உனக்கு வேற வேல கிடக்கா?”