ஜெனவீவ் வெட்டிய கையுறை

ரஃபேல் மின்கம்ப வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் மனைவி ஜெனவீவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு கொதிக்கும்போதே வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பாள். மழை பெய்தால் எங்காவது மரம் விழும். மரம் விழுந்தால் கம்பி அறும். கம்பி அறுந்தால் அவனைக் கூப்பிடுவார்கள்.

அவள் பார்த்த வேலையும் அந்தப் பயத்துக்குத் தீனி போட்டது. மலேசியாவின் சுங்கைப்பட்டாணி நகரத் தொழிற்சாலை ஒன்றில், மின்சார ஊழியர்கள் அணியும் தடித்த ரப்பர் கையுறைகளைச் சோதிப்பவள் அவள். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தண்ணீர்த் தொட்டியில் தொங்கவிட்டு, உள்ளே ஒரு முனை, வெளியே ஒரு முனை என்று மின்சாரம் கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், ரப்பர் கடத்தாது. இரு தண்ணீருக்கும் நடுவே ரப்பர் சுவராக நின்றால் கையுறை தேறியது. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் மின்சாரம் அதில் புகுந்துவிடும், இயந்திரம் அணைந்துவிடும்.

அன்று ஒரு கையுறைக்கு அப்படி அணைந்தது. சூப்பர்வைசர் லோகேஸ்வரன் வந்து பார்த்தார். தண்ணீருக்கு மேலே காய்ந்திருக்க வேண்டிய விளிம்பில் ஈரம் தெறித்திருந்தது. மின்சாரம் அந்த ஈரத்தின்மேல் தாவியிருக்கும், துடைத்துவிட்டு மறுபடி போடு என்றார். போட்டாள், தேறியது. நல்லவற்றோடு வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

பாதி வழியிலேயே சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஈரம்தானா? வேறு ஏதாவதா? வீட்டுக்கு வந்தால், யான் என்ற ஊரில் கம்பி அறுந்துவிட்டதென்று ரஃபேல் ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தான். மகள் ஜானிஸ் அறிவியல் பாடத்தை விரித்து வைத்திருந்தாள். கரண்டியும் காசும் மின்கடத்திகள், அழிப்பானும் பிளாஸ்டிக் அடிக்கோலும் மின்கடத்தாப் பொருள்கள் என்று பிரித்தவள், நிமிர்ந்து கேட்டாள்: “ரப்பர் நனைஞ்சா கரண்ட் போகுமாம்மா?”

“ரப்பருக்குள்ள போகாது. மேல இருக்கிற தண்ணில போகும். ஓட்டை இருந்தா அது வழியா உள்ளயும் போகும்” என்றாள். ரஃபேலுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனாள். முந்தின நாளின் பெட்டிகள் இன்னும் ஏற்றப்படவில்லை. எண்ணை வைத்து அந்தக் கையுறையைத் தேடி எடுத்துச் சோதித்தாள். தேறியது. காற்றடைத்துக் காதோரம் வைத்து அமுக்கினாள். சத்தமே இல்லை. விரலிடுக்குகளை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஆனாலும் கத்தரியை எடுத்து நடுவில் வெட்டினாள்.

லோகேஸ்வரனுக்கு முகம் சிவந்துவிட்டது. “தேறின சாமான வெட்டிட்டியே, ஜெனவீவ்.”

“தேறிச்சுண்ணே. நேத்து அணைஞ்சது ஈரத்தாலதான்னு எனக்கு உறுதியா தெரியல. தெரியாம எப்படிண்ணே இன்னொருத்தர் கையில மாட்டி விடறது?”

அவள் வெட்டிய துண்டுகளை அவர் புரட்டிப் பார்த்தார். மேலிடத்துக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்றார், சொல்லவும் செய்தார். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைக் கொடுக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, “அடுத்த தடவ என்னைக் கூப்பிட்டுட்டு வெட்டுலா” என்றார்.

மாலையில் ரஃபேல் வயல் சேற்றோடு வந்தான். கம்பிமேல் தென்னை சாய்ந்து கிடந்ததாம். முதலில் மின்சாரத்தை நிறுத்தி, நின்றுவிட்டதா என்று சோதித்த பிறகே கை வைத்தார்களாம். கையுறையைக்கூட ஒவ்வொரு முறையும் சுருட்டிக் காற்றை அடைத்து, கசிகிறதா என்று பார்த்துத்தான் மாட்டுவார்களாம். ஜெனவீவ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கேட்டபின்னும் அவன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே போன் வந்தது. பாலிங் ஊர்ப்பக்கம் பலத்த மழை. அவன் எழுந்து கை கழுவினான். அவள் மீதிச் சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அவன் மோட்டார்சைக்கிள் தெருமுனை திரும்புவதற்குள், போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கள் என்று செய்தி அனுப்பிவிட்டாள்.