திருச்சிக்குப் போன தர்பார் கடிதம்

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் புதுக்கோட்டையில் ஓர் அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட். என் திறமையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்த வருஷம் அது அடங்கிக் கிடந்தது. திருச்சியிலிருந்து புது ஆபீஸர் வருகிறார், பழைய ஆட்களில் யார் இருக்கலாம், யார் வீட்டுக்குப் போகலாம் என்று அவர்தான் எழுதப்போகிறார் என்று ஹெட் கிளார்க் சொல்லியிருந்தார். எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மாமனார் பெண் கொடுத்ததே இந்த உத்தியோகத்தை நம்பித்தான்.

புது ஆபீஸரை அழைத்துவர ஹெட் கிளார்க் தலைப்பாகை சகிதம் ஜட்கா வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அதற்குள் ஒரு மனிதர் படுக்கைச் சுருட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே ஆபீஸுக்கு வந்து நின்றார். மனு கொடுக்க வந்தவர் என்று நினைத்து, வெளியே உட்காரச் சொன்னேன். இடமில்லாமல் படுக்கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஹெட் கிளார்க் காலி வண்டியோடு திரும்பி வந்த பிறகுதான் அவர் யார் என்று தெரிந்தது. அவசரமாக எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அவரோ, மனு கொடுக்க வருகிறவர்களுக்கு வெளியே ஒரு பெஞ்சு போட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் வாரம் திருச்சிக் கலெக்டருக்கு ஒரு கடிதம். ஆபீஸர் எழுதித் தந்ததில் குற்றமில்லை. என் விரல்கள்தான் ஆறு வருஷப் பழக்கத்தில், கலெக்டர் என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'புதுக்கோட்டை தர்பார்' என்று அடித்துவிட்டன. சமஸ்தானத்தோடு இல்லாமல் போன ராஜா நிர்வாகத்துக்குக் கடிதம். அவரும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். உறை மேல் விலாசம் சரியாக இருந்ததால் அது பத்திரமாகத் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. பத்தாம் நாள் அங்கிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ராஜாவின் ஆட்சி முடிந்தது உங்கள் ஆபீஸுக்குத் தெரியாதா என்ற தோரணையில் இருந்தது.

ஹெட் கிளார்க் பார்த்த பார்வையிலேயே நான் மனசுக்குள் மூட்டை கட்டிவிட்டேன். ஆபீஸர் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. பதிலை எழுதிக் கொடுத்து டைப் அடிக்கச் சொன்னார். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தன் தவறு, வேறு யாரும் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தார். பாதிக்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை. எழுந்து அவர் அறைக்குப் போனேன்.

"அடிச்சது நான்தானுங்க. அதையும் ஒரு வரி சேர்த்துக்கிறேன்."

"நான் படிச்சிருந்தா அது ஆபீஸ் வாசலைத் தாண்டியிருக்காது. இருக்கறபடியே அடிங்க" என்றார்.

அவருக்குத்தான் கண்டனம் வந்தது. அதை ஃபைலில் சேர்க்கச் சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டு, காபி சாப்பிடப் போய்விட்டார்.

அடுத்த மாதம் பட்டியல் தயாரானது. அதை டைப் அடித்ததும் நான்தான். பயந்துகொண்டே என் பெயரைத் தேடினேன். 'வைத்துக்கொள்ளலாம். தவறு நேர்ந்தால் தானே முன்வந்து ஒப்புக்கொள்பவர்' என்று எழுதியிருந்தார். அவரைப் பற்றி யாராவது எழுதியிருக்க வேண்டிய வரி அது. வெட்கத்தோடும் சந்தோஷத்தோடும் அதை என் பெயருக்கு நேரே அடித்தேன்.